பிரெஞ்சு முன்னெதிர்கால வினைவடிவம்: தோற்றமும் பயன்பாட்டு வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

எதிர்காலத்தில் ஒரு கட்டத்திற்கு முன்பே முடிந்துவிடும் செயலைக் குறிக்கும் பிரெஞ்சு வினைவடிவம் 'ஃபுத்யூர் ஆன்தேரியர்' எனப்படுகிறது. இலத்தீனில் இதே பணியைச் செய்த வடிவம் மறைந்த பின்னர் இஃது எவ்வாறு புதிதாக உருவாயிற்று என்பதையும், இலக்கணிகள் இதற்குப் பெயரிடுவதில் ஏன் வேறுபட்டனர் என்பதையும், சட்ட நடையிலும் வரலாற்று நடையிலும் இது பெற்ற தனிப் பொருளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழாக்கத்தில் இவ்வடிவம் எழுப்பும் சிக்கல் இறுதியில் பேசப்படுகிறது.

திறவுச் சொற்கள்: முன்னெதிர்காலம், துணைவினை, இலத்தீன், காலமயக்கம், வரலாற்று நடை, மொழிபெயர்ப்பு

முன்னுரை

'ஜோரே ஃபினி' என்பது பிரெஞ்சுத் தொடர். 'நான் முடித்திருப்பேன்' என அதனைத் தமிழில் தரலாம். இதில் 'ஓரே' என்பது 'உடைமை' பொருள்தரும் 'அவ்வார்' என்னும் துணைவினையின் எதிர்கால வடிவம். 'ஃபினி' என்பது 'முடித்த' எனப் பொருள்படும் இறந்தகால எச்சம். 'ஜெ செரே பார்த்தி' (நான் புறப்பட்டிருப்பேன்) என்பதில் துணைவினை 'எத்ர்', அதாவது 'இரு'. போதல், வருதல், புகுதல், பிறத்தல், இறத்தல் முதலிய சில வினைகளும், செயல் செய்வோனையே சாரும் தற்சுட்டு வினைகளும் 'எத்ர்' கொள்ளும். ஏனையவை 'அவ்வார்' கொள்ளும். பாடநூல்கள் இவ்வளவில் நின்றுவிடுகின்றன. எதிர்காலத் துணைவினையோடு இறந்தகால எச்சத்தைச் சேர்த்தால் வடிவம் கிடைத்துவிடுகிறது என்பது உண்மையே. ஆயினும் எதிர்வும் இறப்பும் ஒரே வினையில் எங்ஙனம் கூடின என்ற கேள்விக்கு அவ்விதி விடை தருவதில்லை. விடை மொழி வரலாற்றில் உள்ளது.

இக்கட்டுரையில் இவ்வடிவத்தை 'முன்னெதிர்காலம்' எனக் குறிக்கிறேன். 'எதிர்கால முற்று' என்னும் வழக்கைத் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு. தமிழிலக்கணத்தில் 'முற்று' என்பது வினைமுற்றைக் குறிக்கும் சொல். 'வருவான்' என்பதும் எதிர்கால முற்றே என்பதால் குழப்பம் நேரும்.

இலத்தீன் வடிவத்தின் மறைவு

செவ்வியல் இலத்தீனில் இப்பொருளுக்குத் தனிச்சொல் ஒன்றே போதும். 'அமாவெரோ' என்றால் 'நான் அன்பு செய்திருப்பேன்' என்பது பொருள். துணைவினை எதுவுமில்லை, முற்றுப்பொருள் தரும் அடியுடன் ஈறு சேர்ந்து வந்தது. பிரெஞ்சு, இவ்வடிவத்தைத் தன் தாய்மொழியிடமிருந்து பெறவில்லை. பெற்றிருக்கும் என எண்ணுவோர் பலர். பொருள் ஒத்திருப்பதால் எழும் மயக்கம் அது.

மறைவுக்கு ஒலி மாற்றமே பெருங்காரணம். 'அமாவெரோ' என்ற வடிவம், உறுதியற்றவற்றைச் சொல்லப் பயன்பட்ட 'அமாவெரிம்' என்ற வடிவத்தோடு தன்மை ஒருமையில் மட்டுமே தெளிவாக வேறுபட்டது. படர்க்கையில் இரண்டும் 'அமாவெரிட்' என ஒன்றாகவே ஒலித்தன. இருவேறு பொருள்களை ஒரே ஒலி சுமக்க நேர்ந்தபோது பேச்சுவழக்கு ஒன்றைக் கைவிட்டது. இரண்டும் கலந்து உருவான வடிவத்தின் எச்சம் இன்றும் போர்த்துகீசிய மொழியில் 'அவன் வந்தால்', 'நீ விரும்பும்போது' போன்ற எதிர்காலத் துணைவாக்கியங்களில் உயிரோடு உள்ளது. ஸ்பானியத்தில் பழஞ்சட்ட மொழியில் ஒதுங்கிவிட்டது. பிரெஞ்சில் அதன் சுவடே இல்லை.

இயல்பான எதிர்காலமும் இதே விதிக்கு ஆளாயிற்று. உயிரொலிகளுக்கிடையே 'ப்' ஒலியும் 'வ்' ஒலியும் ஒன்றானபோது, 'அமாபிட்' (அன்பு செய்வான்), 'அமாவிட்' (அன்பு செய்தான்) ஆகிய இரண்டும் செவிக்கு ஒன்றாயின. செய்வானா, செய்தானா என்பதைக் காதால் பிரித்தறிய முடியாத நிலையில் ஒரு மொழி நெடுநாள் இருக்க இயலாது. தப்பிப் பிழைத்த ஒரே பழைய எதிர்கால வடிவம் 'எரோ' (இருப்பேன்). அதுவும் பழைய பிரெஞ்சில் 'இயெர்', 'இயெர்ட்' எனச் சில நூற்றாண்டுகள் வழங்கிப் பின்னர் 'செரே' என்னும் புதுவடிவத்திற்கு இடந்தந்தது.

ஒரே துணைவினை, இருமுறை

இடைவெளியை நிரப்பியது 'ஹாபெரே' என்னும் வினை. 'உடைத்தாதல்' என்பது அதன் பொருள். இவ்வினை இருவேறு காலங்களில் இருவேறு வழிகளில் புகுந்தது. முன்னெதிர்காலத்தைப் புரிந்துகொள்ளும் திறவுகோல் இவ்விரட்டை நுழைவே ஆகும்.

முதல் வழி எதிர்காலத்திற்கு உரியது. 'கன்தாரே ஹாபெயோ' எனின் 'பாட வேண்டியது எனக்கு உண்டு' என்பது பொருள். கடமை நிறைவேறும் இடம் எதிர்காலமே ஆகையால், இத்தொடர் மெல்ல 'பாடுவேன்' என்ற பொருளுக்கு நகர்ந்தது. பிறகு இரு சொற்களும் ஒட்டி, துணைவினை ஈறாகத் தேய்ந்து, 'ஷாந்த்ரே' (பாடுவேன்) என இன்றைய பிரெஞ்சு வடிவம் பிறந்தது. ஒட்டிய வடிவத்திற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று, 7ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டதும் ஃபிரெதெகார் பெயரால் வழங்குவதுமான வரலாற்றுக் குறிப்பேட்டில் உள்ளது. பாரசீக மன்னன் 'தரமாட்டேன்' என மறுக்கும்போது 'தாபோ' என்ற பழைய எதிர்கால வடிவத்தைச் சொல்கிறான். பேரரசன் ஜஸ்டினியன் 'தாராஸ்' (தருவாய்) எனப் புதுவடிவத்தில் மறுமொழி தருகிறான். தாரா என்ற ஊரின் பெயர்க்காரணம் சொல்லப் புனைந்த கதை அது. வரலாறாக அதற்கு மதிப்பில்லை. ஆனால் மடிந்துகொண்டிருந்த எதிர்காலமும் பிறந்துகொண்டிருந்த எதிர்காலமும் ஒரே உரையாடலில் எதிரெதிரே நிற்கும் காட்சி மொழி வரலாற்றாசிரியனுக்கு அரிய கொடை. அடுத்த பெருஞ்சான்று 842ஆம் ஆண்டின் ஸ்ட்ராஸ்பூர் உறுதிமொழிகள். நித்தார் என்னும் வரலாற்றாசிரியர் பதிவு செய்த அவ்வாவணத்தின் ரோமானிய மொழிப் பகுதியில் 'சல்வரை' (காப்பேன்), 'பிரிந்த்ரை' (மேற்கொள்வேன்) எனப் புதிய எதிர்காலம் முழுமையாக உருப்பெற்று நிற்கிறது.

இரண்டாம் வழி முற்றுப்பொருளுக்கு உரியது. எழுதப்பட்ட நிலையில் ஒரு கடிதத்தை ஒருவன் வைத்திருக்கிறான் எனச் சொல்ல, கடிதத்தைத் தழுவிய இறந்தகால எச்சத்தோடு 'ஹாபெயோ' சேர்த்து வழங்கினர். அதில் எழுதியவன் யார் என்ற குறிப்பே இல்லை. வைத்திருப்பவன் மட்டுமே தெரிகிறான். எழுதியவனும் வைத்திருப்பவனும் ஒருவனே எனக் கொள்ளும் சூழல்கள் பெருகியபோது 'எழுதி வைத்திருக்கிறேன்' என்னும் பொருள் முன்வந்தது. அறிதல், உணர்தல் போன்ற வினைகளில் கையில் வைத்திருக்கப் பொருள் ஏதுமில்லை; ஆகவே உடைமைப் பொருள் அங்கு விரைந்து கரைந்தது. அறிதல் வினையை இவ்வாறு 'ஹாபெயோ'வுடன் சேர்த்து ஆளும் வழக்கம் சிசரோவிடமே காணப்படுகிறது.

இவ்விரு வழிகளும் சேர்ந்தபோதே முன்னெதிர்காலம் பிறந்தது. 'ஓரே' என்ற துணைவினையைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். பழைய பிரெஞ்சில் அது 'அவ்ரை'. அதன் முற்பகுதி 'ஹாபெரே', பிற்பகுதி 'ஹாபெயோ'. எனவே 'ஜோரே ஷாந்த்தே' (பாடியிருப்பேன்) என்னும் தொடரின் அடித்தளத்தில் 'பாடப்பட்டதை உடைத்தாக இருக்க வேண்டியது எனக்கு உண்டு' என்ற வாக்கியம் புதைந்துள்ளது. ஒரே துணைவினை, முற்றுப்பொருளுக்கு ஒருமுறையும் எதிர்காலத்திற்கு ஒருமுறையுமாக, ஒரே சொல்லுக்குள் இருமுறை அமர்ந்திருக்கிறது. இதைப் பேசும் பிரெஞ்சுக்காரர் எவரும் உணர்வதில்லை. உணராமைதான் இலக்கணமாதலின் அடையாளம்.

ஒரு செய்தியில் மட்டும் பழைய உடைமைப் பொருள் இன்றளவும் ஒலிக்கிறது. 'நான் எழுதியிருக்கப்போகும் கடிதங்கள்' எனச் செயப்படுபொருள் முன்வந்தால் எச்சம் அதன் பாலையும் எண்ணையும் ஏற்று 'எக்ரித்' என ஒலிக்கும்; செயப்படுபொருள் பின்வந்தால் 'எக்ரி' என நிற்கும். 16ஆம் நூற்றாண்டில் கவிஞர் கிளெமான் மரோ இவ்விதியை இத்தாலிய வழக்கைக் காட்டி ஆதரித்தார். மாணவர் அஞ்சும் இவ்விதி, எச்சம் கடிதத்திற்கு அடையாக இருந்த காலத்தின் எஞ்சிய சுவடு எனக் கொள்வதே பொருத்தம்.

பெயரிடுவதில் எழுந்த வழக்கு

வடிவம் நிலைபெற்றபின் அதனை எவ்வகையில் அடக்குவது என்ற சிக்கல் எழுந்தது. 1660இல் வெளிவந்த போர்-ரொயால் இலக்கணத்தில் அந்துவான் அர்னோவும் குளோத் லான்ஸ்லோவும் காலங்களை இருவகையாக்கினர். பேசும் கணத்தோடு மட்டும் உறவுடையன ஒருவகை. மற்றொரு நிகழ்வோடும் உறவுடையன இன்னொரு வகை. முன்னெதிர்காலம் இரண்டாவதில் அடங்கியது. இரவுணவு உண்ணும் செயலை அவர்கள் எடுத்துக்காட்டாக்கினர். உண்ணுதல் தன்னளவில் எதிர்காலத்தது. அதன்பின் நிகழவிருக்கும் வேறொன்றை நோக்க இறந்தகாலத்தது. இவ்விளக்கம் இன்றும் வகுப்பறைகளில் வழங்குகிறது.

நிகொலா போசே இதனை ஏற்கவில்லை. தீதரோவின் கலைக்களஞ்சியத்தில் 'காலம்' பற்றிய கட்டுரையிலும், 1767ஆம் ஆண்டின் பொது இலக்கணத்திலும் அவர் வகுத்த அமைப்பில் 'ஷாந்த்ரே' என்பதே எதிர்காலம் அன்று, அது 'பின்னிகழ்காலம்'. அதற்கேற்ப 'ஜோரே ஷாந்த்தே' என்பது 'பின்னிறந்தகாலம்'. அதாவது எதிர்காலத்தில் ஒரு புள்ளியில் நின்று திரும்பிப் பார்க்கும் இறந்தகாலம். இக்கலைச்சொற்கள் பள்ளிகளில் பரவவில்லை. அமைப்பு மிகச் செம்மையாக இருந்ததே அதன் தோல்விக்குக் காரணமோ என ஐயுற இடமுண்டு. ஆயினும் பொருளளவில் போசேயின் பெயரே உண்மைக்கு நெருக்கமானது என்பது என் துணிபு. இவ்வடிவத்தில் மையமாக இருப்பது முடிவு. எதிர்வு என்பது பார்ப்பவன் நிற்கும் இடம் மட்டுமே.

1947இல் ஹன்ஸ் ரைஷன்பாக் காலங்களைப் பேசும் கணம், நிகழும் கணம், நோக்கும் கணம் என மூன்று புள்ளிகளால் விளக்கியபோது இவ்வுண்மை வேறு வழியில் வெளிப்பட்டது. நோக்கும் கணம் பேச்சுக்குப் பின்னும் நிகழ்வுக்குப் பின்னும் அமையவேண்டும் என்பது மட்டுமே இவ்வடிவத்தின் கட்டுப்பாடு. நிகழ்வு பேச்சுக்குப் பின் அமையலாம், உடனமையலாம், முன்னமே முடிந்தும் இருக்கலாம். எதிர்காலம் எனப் பெயர் பெற்ற வடிவம், நடந்து முடிந்ததொன்றைக் குறிக்க இடமிருக்கிறது. பின்வரும் பயன்பாடுகள் பல இந்த இடைவெளியிலேயே தோன்றின.

பயன்பாடுகள்

முதற்பயன்பாடு, இரு எதிர்கால நிகழ்வுகளில் முந்தியதைக் காட்டுவது. 'அவன் வந்ததும் உண்போம்' எனத் தமிழ் சொல்லுமிடத்தில், பிரெஞ்சு 'அவன் வந்திருக்கும்போது உண்போம்' என்ற அமைப்பைக் கொள்ளும். 'போது', 'உடன்', 'பின்' எனப் பொருள்படும் இணைப்புச் சொற்களுக்குப் பின் இவ்வடிவம் கட்டாயமாகிறது. 'ஆல்' எனப் பொருள்படும் 'சி' என்னும் நிபந்தனைச் சொல்லுக்குப் பின் இது வாராது என்பதும் அறியத்தக்கது. 1959இல் எமில் பென்வெனிஸ்த், இங்கே 'முன்' என்பது உலகக் காலத்தைச் சார்ந்ததன்று, வாக்கியத்தின் மற்றொரு வினையைச் சார்ந்தது என நிறுவினார். முந்துமையைக் காட்டும் வடிவம் தனித்து நில்லாது. தனி வினையின் துணை அதற்குத் தேவை.

தனித்து நிற்கும்போது பொருள் வேறாகும். 'நண்பகலுக்குள் முடித்திருப்பேன்' என்பது வாக்குறுதி. 'இதனை மாலைக்குள் முடித்திருப்பாய்' என முன்னிலையில் வரின் ஏவல். மறுக்க இடமே தராத ஏவல்.

கருத்தைக் கவர்வது ஊகப் பயன்பாடு. வரவேண்டியவன் வரவில்லை, காத்திருப்போர் 'இல் ஓரா மாங்கே சோன் த்ரேன்' (வண்டியைத் தவறவிட்டிருப்பான்) என்கின்றனர். தவறவிட்டது முடிந்த செய்தி. எதிர்காலம் எங்கே வந்தது? உண்மை தெரியவரும் கணமே எதிர்காலத்தில் உள்ளது. அவன் வந்து சொல்லும்போது இஃது உண்மை எனத் தெரியும் என்ற எதிர்பார்ப்பே வினையில் ஏறியிருக்கிறது. தமிழின் 'தவறவிட்டிருப்பான்' என்பதும் இதே வழியில் இதே பொருளைத் தருவது நோக்கத்தக்கது. இரு மொழிகளுக்கும் உறவில்லை. ஆனால் இறந்தகால எச்சமும் எதிர்காலத் துணைவினையும் சேருமிடத்தில் ஊகம் பிறப்பது இரண்டிலும் நேர்ந்துள்ளது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றால் காலம் மயங்கிவரும் என நன்னூலார் வகுத்ததை இங்கு நினைக்கலாம். ஆனால் அவர் விதி ஒரு காலத்தின் வடிவம் மற்றொரு காலத்திற்கு வருவதைப் பற்றியது. இங்கு இரு காலங்களும் ஒரே வடிவத்திற்குள் உறைகின்றன.

சட்ட நடையும் வரலாற்று நடையும்

சட்டம் இவ்வடிவத்தை நெடுங்காலம் தன் கருவியாக்கிக்கொண்டது. 1810ஆம் ஆண்டின் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத் தொகுப்பு, காயம் விளைவித்தவனைக் 'காயம் விளைவித்திருப்பவன் எவனோ அவன் தண்டிக்கப்படுவான்' என்ற அமைப்பில் குறிக்கிறது. குற்றம் இன்னும் நிகழவில்லை. நிகழும்போது, தண்டனைக்கு முன்னதாக அது முடிந்திருக்கவேண்டும். உரோமின் பன்னிரு பலகைச் சட்டத்திலும் உறுப்பைச் சிதைத்தவனைப் பற்றிய விதியில் முன்னெதிர்காலப் பொருளுடைய பழவடிவமே ஆளப்பட்டது. அவ்வடிவம் அழிந்தது, மொழியே மாறியது. ஆனால் நீதிபதி வழக்கின் முடிவில் நின்று செயலைத் திரும்பிப் பார்க்கும் நிலை மாறவில்லை. ஆகவே புதுமொழியும் அதற்கொரு வடிவத்தைத் தந்தது. 1994இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத் தொகுப்பு 'இன்ன செயல் இவ்வாறு தண்டிக்கப்படுகிறது' என நிகழ்காலத்திற்கு மாறிவிட்டது. செய்தவனை விட்டுச் செயலை எழுவாயாக்கிய அம்மாற்றம் தனியாய்வுக்கு உரியது.

வரலாற்று நடையில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. நெப்போலியன் 1815 மார்ச் 20 அன்று பாரிஸ் திரும்பினான். ஜூன் 22 அன்று முடி துறந்தான். இதனைப் பிரெஞ்சு நூலாசிரியர் ஒருவர் 'மீண்ட பேரரசு ஏறத்தாழ நூறு நாட்களே நீடித்தது' என எளிய இறந்தகாலத்தில் எழுதலாம். 'ஓரா த்யூரே' என முன்னெதிர்காலத்திலும் எழுதலாம். செய்தி ஒன்றே. ஆனால் பின்னது கணக்கை முடித்துக் கூட்டுத்தொகை இடுகிறது. இனி யார் திரும்பிப் பார்த்தாலும் இதுவே காண்பர் என்ற உறுதி அதில் தொனிக்கிறது. இரங்கற் கட்டுரைகளிலும் இதழ்களின் தலையங்கங்களிலும் இவ்வழக்கு இன்று மிகுதி. அளவு மீறியது எனச் சலித்துக்கொள்வோரும் உளர். எழுத்தாளன் தன் தீர்ப்பை எதிர்காலத்தின் வாயில் வைத்துப் பேசுகிறான் என்பதே அதன் வலிமை. அதுவே அதன் ஆபத்தும் ஆகும். தன் காலத்தின் கருத்தை, காலத்தின் இறுதிக் கருத்தாகக் காட்டும் வசதி இவ்வடிவத்தில் உள்ளது.

1980இல் வெளிவந்த 'லா ஷாம்ப்ர் கிளேர்' நூலில் ரோலான் பார்த் இவ்விலக்கணச் சொல்லைப் புகைப்படத்திற்கு ஏற்றினார். அமெரிக்க அயலுறவு அமைச்சர் சீவார்டைக் கொல்ல முயன்ற லூயிஸ் பெயினை 1865இல் அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த படம் அது. விலங்கிடப்பட்ட இளைஞன் தூக்குக்குக் காத்திருக்கிறான்; அவ்வாண்டு ஜூலை 7 அன்று தூக்கிலிடப்பட்டான். படத்துள் அவன் சாகவிருக்கிறான். காண்பவனுக்கோ அவன் என்றோ இறந்துவிட்டான். இவ்விரண்டும் ஒரே பார்வையில் கூடுவதை விளக்கப் பார்த்துக்குக் கிடைத்த சொல் முன்னெதிர்காலம். போசே சொன்ன 'பின்னிறந்தகாலம்' இங்கு எலும்பும் சதையுமாக நிற்கிறது.

தமிழாக்கத்தில் எழும் சிக்கல்

'முடித்திருப்பேன்' என்னும் தமிழ் வடிவம் வாக்குறுதிக்கும் ஊகத்திற்கும் பொருந்துவதால், முன்னெதிர்காலம் வருமிடமெல்லாம் அதனையே இடும் போக்கு இயல்பாக எழுகிறது. ஆனால் தமிழ் வடிவத்திற்கு மூன்றாவது பொருள் ஒன்றுண்டு. 'நீ சொல்லியிருந்தால் முடித்திருப்பேன்' என்கையில் செயல் நடக்கவேயில்லை. பிரெஞ்சில் இந்நிறைவேறாப் பொருளுக்கு வேறு வடிவம் உண்டு. அதுவும் 'ஹாபெரே'யின் வழிவந்ததே, ஆனால் ஈற்றில் நிற்பது அதன் இறந்தகால வடிவம். எழுத்தில் ஒரே ஓர் எழுத்தால் வேறுபடும் இவ்விரண்டையும் இன்று பிரெஞ்சு மொழியினர் பலர் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கின்றனர்.

எனவே 'மீண்ட பேரரசு நூறு நாட்களே நீடித்திருக்கும்' எனத் தமிழில் எழுதினால் நேர்வது சிறு பிழை அன்று. மூலத்தில் ஐயமற்ற தீர்ப்பு. தமிழில் ஊகம், அன்றேல் நடவாத ஒன்று. புள்ளிவிவரமும் நாளும் தெளிவாக அறியப்பட்ட நிகழ்ச்சியை மொழிபெயர்ப்பு ஐயத்திற்குள் தள்ளிவிடுகிறது. வரலாற்று நூல்களைப் பெயர்ப்போர், தொடரில் ஊகத்திற்கு இடமுண்டா என முதலில் நோக்கவேண்டும். நாளும் அளவும் உறுதியாகத் தரப்பட்டிருப்பின் அங்கே 'இருக்கும்' வடிவம் ஆகாது. 'நூறு நாட்களோடு முடிந்துபோயிற்று', 'ஆக, நூறு நாட்களே நீடித்தது' என முடிவைக் காட்டும் துணைவினையோ 'ஆக' என்னும் இடைச்சொல்லோ கொள்வது மூலத்தின் கூட்டுத்தொகைப் பொருளைக் காக்கும். ஊகத்திற்கு இடமிருப்பின் 'இருக்கும்' என்பதே நேர். 'வந்ததும்' வகைத் தொடர்களிலோ முன்னெதிர்காலத்தை முற்றாகக் கைவிடலாம். அங்கு 'உம்' ஏற்ற தமிழ் எச்சம், பிரெஞ்சு வினை சுமக்கும் முந்துமையைத் தானே சுமந்துவிடுகிறது.